கூரையில் சோலார், பின்னால் கட்டில்: சலான் எதற்கு?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். ஃபோர்ஸ் கூர்க்கா ஐந்து கதவு ஜீப் வைத்திருக்கிறேன், பேங்க் லோன் ஓடுகிறது. மலைப் பக்கம் போய் வண்டியிலேயே தங்குவது வழக்கம். மேலே கேரியர் போட்டு, 100 வாட் சோலார் பேனல் இரண்டை அதில் போல்ட் அடித்துப் பொருத்தியிருக்கிறேன். கடைசி வரிசை சீட் இரண்டையும் கழற்றி வீட்டு மாடியில் வைத்துவிட்டு, ப்ளைவுட் கட்டில் போட்டு, அதன் அடியில் லித்தியம் பேட்டரி, சின்ன ஃபிரிட்ஜ் வைத்தேன். மூன்று மாதத்துக்கு முன் பொள்ளாச்சி ரோட்டில் போலீஸ் நிறுத்தி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியதாக 5,000 ரூபாய்க்கு இ-சலான் போட்டார்கள். இன்னும் கட்டவில்லை. போன மாதம், நிறுத்தியிருந்த வண்டியில் பேட்டரி வயர் எரிந்து பின்பகுதி கருகிவிட்டது. மாற்றத்தைச் சொல்லவில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி க்ளெய்மை நிராகரித்துவிட்டது. வண்டியின் படம், கம்பெனி கடிதம், பில் எல்லாம் இணைத்திருக்கிறேன். சோலார் மாட்டுவது குற்றமா? பணம் கிடைக்குமா? டிசம்பரில் மூணாறு போகலாமா?

பதில்: முதலில் ஒன்று. சலானை அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். காரணம் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இருக்கிறது, அங்கே வருகிறேன்.

சோலார் பேனலைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. அதிகாரிகள் கையில் எடுப்பது 52-வது பிரிவு. ஆர்.சி.யில் இருக்கும் விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களோடு ஒத்துப்போகாத அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. எது மாற்றம் என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் கட்டமைப்பில் மாறுதல் செய்து, அதனால் அதன் அடிப்படைத் தன்மை மாற வேண்டும். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) இதற்குத் தண்டனை சொல்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். கடுமையான அதிகாரி கேரியர், பேனல், சீட், விளக்கு என்று தனித்தனியாக எண்ண ஆரம்பித்தால் தொகை எங்கோ போய்விடும். உங்களுக்கு ஒன்றோடு நின்றது.

ஆகவே ஆர்.சி.யை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். வண்டி வகை, பாடி வகை, எரிபொருள், நிறம், சீட் எண்ணிக்கை, காலி எடை. பேனல் மாட்டியதால் இதில் எது மாறியது? எடையைத் தவிர எதுவும் இல்லை. அந்த எடை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது வழக்கமாக அதோடு இருக்கும் சாதனங்களையும் சேர்த்துத்தான் காலி எடை என்கிறது 2(48)-வது பிரிவு. போல்ட் அடித்து நிரந்தரமாகப் பொருத்திய பேனல் வழக்கமான சாதனம்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். கண்ணாடிப் பேனல் ஒன்று ஆறு முதல் எட்டு கிலோ இருக்கும். இரும்புக் கேரியர்தான் அதைவிடக் கனம். என் யோசனை: போல்ட்டை எடுத்துவிட்டு, கையால் திருகிக் கழற்றும் கிளாம்புக்கு மாறுங்கள். தங்கும் இடத்தில் மாட்டி, வேண்டாதபோது இறக்கி வைக்கும் பொருள் என்றால், அது லக்கேஜ் என்று நான் தைரியமாக வாதாடுவேன். மாட்டிய நிலையில் ஒரு எடை மேடையில் வண்டியை ஏற்றி, சீட்டு வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள்.

பேனல் பாடியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. பக்கவாட்டில் நீட்டினால் 194(1ஏ) பிரிவு வரும், அபராதம் 20,000. நீங்கள் அனுப்பிய படத்தில் இடது பேனலின் ஓரம் கேரியர் கம்பியைத் தாண்டி நிற்கிறது. அதை உள்ளே தள்ளுங்கள்.

சரி, பேனல் தப்பித்தது. சீட் தப்பிக்காது. ஏழு பேர் என்று பதிவான வண்டியில் ஐந்து சீட்தான் இருக்கிறது. ஆர்.சி. சொல்வது ஒன்று, வண்டி சொல்வது வேறு. 52-வது பிரிவு பிடிப்பது இதைத்தான். கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதியைக் காட்டியும் தப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. கழற்றிய சீட் இரண்டும் வீட்டு மாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை. அவற்றைத் திரும்ப மாட்டுங்கள். கட்டில்தான் வேண்டும் என்றால், சீட்டை மடக்கி அதன் மேல் விரித்து, காலையில் எடுத்துவிடும் பலகையாகச் செய்துகொள்ளுங்கள். அடியில் இடம் குறையும், வேறு வழியில்லை.

இனி இன்ஷூரன்ஸ். கம்பெனி அனுப்பிய மறுப்புக் கடிதம் இரண்டே வரி. எந்த நிபந்தனையை மீறினீர்கள் என்றும் இல்லை, அந்த மீறலால்தான் தீப்பிடித்தது என்றும் இல்லை. தனிநபர் கார் பாலிசியின் முதல் பகுதியைப் பிரித்துப் பாருங்கள்: தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் ஆகியவற்றால் வரும் நஷ்டத்துக்குக் காப்பீடு உண்டு. மின்கோளாறு விலக்கு என்று இன்னொரு வரி இருக்கும். பழுதான பொருளுக்கு அது பொருந்தும், தீயால் கருகிய கதவுக்கும் சீட்டுக்கும் பொருந்தாது என்று கேளுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்துப் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். தீ கிளம்பியது கம்பெனி வயரில் அல்ல, நீங்கள் சேர்த்த வயரில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்குப் போகும் சிவப்பு வயர், தகட்டில் போட்ட ஓட்டை வழியாக ரப்பர் வளையம் இல்லாமல் நுழைகிறது. வண்டி குலுங்கிக் குலுங்கித் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருக்கிறது. பேட்டரி முனையில் ஃபியூஸும் இல்லை. 200 வாட் பேனலிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் வரும், அது இப்படி எரிக்காது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அதனால்தான் பேட்டரிக்கு ஒட்டி ஃபியூஸ் வைக்கச் சொல்வார்கள். வண்டியைப் பத்திரமாக வைத்திருக்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை எல்லா பாலிசியிலும் உண்டு. ரப்பர் வளையம் இல்லை, ஃபியூஸ் இல்லை என்ற இரண்டையும் கம்பெனியின் வக்கீல் நிச்சயம் பிடிப்பார்.

சோலார் சாமானுக்குப் பணம் வராது. கம்பெனி விலையில் சேராத மின்சாதனங்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பு உண்டு. சாதனத்தின் மதிப்பைச் சொல்லி, பழைய கட்டண அட்டவணைப்படி அதில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டுவது. அதை நீங்கள் எடுக்கவில்லை. பேட்டரி, ஃபிரிட்ஜ், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் போனது போனதுதான். வண்டியின் சேதம் மட்டும் கேளுங்கள். நிபந்தனை மீறல் இருந்தாலும் க்ளெய்மை அடியோடு மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதம் வரை தரலாம் என்று 2010-ல் அமலேந்து சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உங்கள் வழக்கில் நான் குறி வைப்பது அந்த 75-ஐத்தான். முழுத் தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது சலானுக்கு வருகிறேன். 'அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினேன்' என்று ஒப்புக்கொண்டு பணம் கட்டிய ரசீது, கம்பெனியின் கோப்பில் முதல் பக்கமாகப் போய் உட்காரும். உங்கள் சலானில் என்ன மாற்றம் என்றே எழுதவில்லை. பேனலா, சீட்டா? அதைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைனில் நடக்கும் நீதிமன்றம்) போயிருந்தால், கட்டுவதற்குப் பதில் எதிர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கு வரும். பேனலுக்கு என்றால் வாதாடலாம். சீட்டுக்கு என்றால், சீட்டைத் திரும்ப மாட்டியதைக் காட்டி, அந்த ஒன்றுக்கு மட்டும் என்று எழுத்தில் பதிவாகும்படி கட்டிவிடுங்கள். தீக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம். சும்மா விட்டுவைப்பதும் ஆபத்து. நிலுவைச் சலான் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெரும்பாலான வேலைகள் நகராது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முதலில் கடிதம் போடுங்கள். சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலையும் அதிலேயே கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரை உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு, கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் தொழிலுக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம். அதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார், அதனால் கம்பெனி மேல் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் புகார் போடாதீர்கள்.

வயர் ஓட்டிய கடையை ஏன் விட்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பில் மட்டும் இணைத்திருக்கிறீர்கள். ஃபியூஸ் போடாமல் வயர் இழுத்தது சேவைக் குறைபாடு, இது தனிப் புகார். கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடலாம், 5 லட்சம் வரை செலுத்திய விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. எரிந்த வயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த அறுந்த இடம்தான் உங்கள் சாட்சி. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸில் வராத பேட்டரி, ஃபிரிட்ஜ் பணத்தைக் கடையிடம்தான் கேட்க வேண்டும்.

லோன் இருப்பதால் இன்னொன்று. ஆர்.சி.யில் மாறும் எந்த வேலையும் பேங்கின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள். கட்டில், அடுப்பு, மேசை எல்லாம் நிரந்தரமாக வேண்டுமென்றால் முறையான வழியும் உண்டு. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற நிறுவனம் கட்டிய வண்டியை வாங்கலாம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை 2004 மத்திய அறிவிக்கை, போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. வாடகைக்கு விடாதவரை மஞ்சள் போர்டு வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கூர்க்காவை அப்படி மாற்ற முயல்வது பணத்துக்கும் பொறுமைக்கும் கேடு. நான் சொல்ல மாட்டேன்.

மூணாறு. நம் ஊரைவிட அங்கே மாற்றியமைத்த வண்டிகள் மேல் கெடுபிடி அதிகம். 2021-ல் கண்ணூரில் கேரவனாக மாற்றிய வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்தது நம் ஊர் யூடியூப் வட்டாரத்திலும் பேச்சாக இருந்தது. சீட் ஏழும் இருக்கட்டும். பேனலை இறக்கி உள்ளே படுக்க வைத்து எல்லையைத் தாண்டுங்கள், தங்கும் இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கேரியரில் கூடுதல் விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள், சோலாரை விடும் அதிகாரிகூட அதை விடமாட்டார். அப்புறம், புது வயரிங் போட்டதற்கான பில்லில் ஃபியூஸ் என்று தனி வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.