கென்யாவுக்கு அனுப்ப 20 மூட்டைத் துணி

லண்டனில் 20 மூட்டைத் துணி சேர்ந்துவிட்டது, கென்யாவில் ஒரு கிராமத்துக்கு எப்படி அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அப்படியே கப்பலேற்றிவிடாதீர்கள். அங்கே பழந்துணிக்குப் பஞ்சமே இல்லை. ‘மிட்டும்பா’ என்ற பெயரில் பேல் பேலாக வந்திறங்கி, நைரோபியின் கிகோம்பா சந்தையில் குவிந்து கிடக்கிறது. கப்பல் கூலி, சுங்கம் என்று நீங்கள் கொடுக்கப்போகும் பணத்துக்கு அந்த ஊர்த் தையல்காரரிடமே பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துவிடலாம், அவருக்கும் பிழைப்பு. அதனால் இருப்பதை லண்டனிலேயே விற்றுப் பணமாக அனுப்புங்கள். தடித்த ஸ்வெட்டர்களை மட்டும் அனுப்ப எடுத்து வையுங்கள், கென்யாவில் மலைப்பக்கம் ஜூலையில் நல்ல குளிர். ஒருமுறை நான் மூட்டை பிரித்தபோது ஜிப் போன பேன்ட், அக்குளில் மஞ்சள் கறை படிந்த சட்டை எல்லாம் வந்தன. அவற்றை யாருக்கும் கொடுக்கவே கூடாது. அப்புறம், எதற்கும் முன்னால் அந்த ஊர்ப் பள்ளியில் என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.