ஹேட்ரியன் மதிலோரம் இரண்டு நாள்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: எங்கள் மகள் நியூகாசிலில் படிக்கிறாள். செப்டம்பரில் அவளைப் பார்க்கச் செல்லும்போது ஹேட்ரியன் மதிலுக்கென இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறோம். வரலாற்றில் ஆர்வம் உண்டு என்றாலும், இடிந்த சுவர்களைப் பார்த்து அங்கே வாழ்ந்தவர்களைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இயலவில்லை. எங்கே போகலாம், எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மதிலைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் ஆணைப்படி கி.பி. 122-இல் தொடங்கப்பட்டு, வட இங்கிலாந்தில் கிழக்கே வால்சென்டிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளும் அந்த அரண், ரோமப் பேரரசு தன் எல்லையைக் குறித்து என்ன எண்ணியது என்பதைக் காட்டுமே தவிர, அதை ஒட்டி வாழ்ந்தவர்கள் யார் என்பதைச் சொல்லாது. அதற்கு நாம் நாட வேண்டியவை கல்லறைக் கற்களும் ஈர மண்ணும்தான்.

முதல் நாள் காலையில் மெட்ரோ ரயிலில் சவுத் ஷீல்ட்ஸ் சென்று, அர்பேயா கோட்டை அருங்காட்சியகத்தில் ரெஜினா என்பவளின் கல்லறைக் கல்லைப் பாருங்கள். தென் பிரிட்டனின் கட்டுவெல்லவுனி இனத்தில் பிறந்து, அடிமையாக இருந்து, தன்னை விடுவித்தவனுக்கே மனைவியாகி, 30 வயதில் இறந்தவள் அவள். கணவன் பாரத்தேஸ், சிரியாவின் பல்மைரா நகரத்தான். பிரம்பு நாற்காலியில் நூற்புக் கோலுடனும் கம்பளிக் கூடையுடனும் அமர்ந்திருக்கும் அவளது உருவத்தின் கீழே லத்தீன் வரிகளும், அவற்றுக்கும் கீழே பல்மைரா எழுத்தில் ஒற்றை வரியும் உள்ளன: பாரத்தேஸ் விடுவித்த ரெஜினா, அந்தோ! பிரிட்டனின் வடகோடியில் அந்த எழுத்தைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆயினும் அவன் தன் துயரைத் தன் தாய்மொழியிலும் பொறிக்கச் செய்தான். இதைக் காதல் கதையாக மட்டும் சொல்பவர்கள் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் கல்லைச் செதுக்கச் செய்தவன் அவன், அவளுடைய தரப்பு அதில் எங்கும் இல்லை. அதே அருங்காட்சியகத்தில், வட ஆப்பிரிக்காவின் மூர் இனத்தைச் சேர்ந்த, 20 வயதில் இறந்த விக்டர் என்ற விடுவிக்கப்பட்ட அடிமையின் கல்லும் இருக்கிறது. பிற்பகலில் நியூகாசிலின் கிரேட் நார்த் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் போதும்.

இரண்டாம் நாளின் பெரும்பகுதியை விண்டோலாண்டா என்ற ரோமக் கோட்டைத் தளத்துக்குக் கொடுங்கள். மதில் எழுவதற்கு முன், கி.பி. 85-ஐ ஒட்டியே அங்கே கோட்டை இருந்தது. பழைய மரக்கட்டடங்களை இடித்து, அவற்றின் மீது களிமண்ணும் புல்தரைக் கட்டிகளும் பரப்பிப் புதியவற்றைக் கட்டியதால், அடியில் காற்றுப் புகாத ஈரமான அடுக்குகள் உருவாயின. வேறெங்கும் மக்கிப்போகும் மரமும் தோலும் துணியும் அங்கே பிழைத்தது அதனால்தான். 1973 முதல் கிடைத்துவரும் மை எழுத்து மர ஏடுகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன. சில இங்கேயே காட்சியில் உள்ளன. இன்றைய பெல்ஜியப் பகுதியின் துங்கிரி இனத்தார் பெயரால் அமைந்த துங்கிரியப் படைப்பிரிவின் கணக்கேடு ஒன்று, மொத்தம் 752 பேரில் 456 பேர் வெளியிடங்களில் இருந்ததாகவும், கோட்டையில் எஞ்சிய 296 பேரில் 31 பேர் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்றும், அவர்களில் 10 பேருக்குக் கண்நோய் என்றும் குறிக்கிறது. எல்லைக் கோட்டை என்றதும் எந்நேரமும் வாளேந்தி நிற்கும் படையைக் கற்பனை செய்பவர்களுக்கு இந்த ஒரு ஏடே போதும். படைத்தலைவர் செரியாலிஸின் மனைவி லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கும் தோழி செவெராவின் கடிதம் புகழ்பெற்றது. இன்னொரு ஏட்டில் கம்பாக்ஸ் என்ற படைவீரனின் பெயருக்கு எதிரே மிளகுக்காக 2 தெனாரியஸ் (ரோம வெள்ளி நாணயம்) குறிக்கப்பட்டுள்ளது. அந்த மிளகு பெரும்பாலும் முசிறி போன்ற சேரநாட்டுத் துறைமுகத்தில் கப்பலேறியதாகவே இருக்கும்.

ஏடுகளை விடவும் காலணிகளின் முன் அதிக நேரம் நில்லுங்கள். படைவீரர்கள் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தடை இருந்த காலத்திலேயே, பெண்களின் காலணிகளும் குழந்தைகளின் காலணிகளும் இங்கே ஏராளமாகக் கிடைத்துள்ளன. பெரும்பாலும் செப்டம்பர் வரை அகழாய்வு நடக்கும் என்பதால் நீங்கள் அதை நேரில் பார்க்கவும் வாய்ப்புண்டு.

இத்தனையிலும் உள்ளூர் பிரிட்டானியரின் குரல் அரிது. ஓர் ஏடு அவர்களை இளக்காரமான சொல்லால் குறிப்பிட்டு, அவர்களது போர்முறையைப் பதிவு செய்கிறது. அதுவும் அயலார் பார்வையே. அவர்களைத் தேட மண்ணுக்குத்தான் திரும்ப வேண்டும். மதிலுக்கு அடியில் பல இடங்களில் ஏரோட்டிய தடங்கள் கண்டறியப்பட்டுள்ளன, அதாவது உழுத நிலத்தின் மீதே அரண் எழுந்தது. நியூகாசிலுக்கு வடக்கே அகழப்பட்ட சில பண்ணைக் குடியிருப்புகள், மதில் கட்டப்பட்ட சிறிது காலத்திலேயே கைவிடப்பட்டன என்று அகழ்வாளர்கள் கருதுகின்றனர். பெருஞ்சுவரின் படங்களில் தெரியாத இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, பிற்பகலில் ஹவுஸ்டெட்ஸுக்குச் செல்லுங்கள். மேட்டின் மேல் மதிலை ஒட்டிய கோட்டை அது. வாயிலுக்குத் தெற்கே சரிவில் கிடக்கும் வீட்டு அடித்தளங்களைத் தவற விடாதீர்கள், ஏனெனில் கோட்டையை நம்பிப் பிழைத்த வணிகரும் குடும்பங்களும் வாழ்ந்த குடியிருப்பு அதுவே.

ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசில் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து 'ஏடி122' பேருந்தில் ஏறினால் விண்டோலாண்டா, ஹவுஸ்டெட்ஸ் இரண்டையும் அடையலாம். பருவத்துக்கேற்ப அதன் அட்டவணை மாறும் என்பதால், புறப்படுமுன் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டும் வழுக்காத காலணியும் அவசியம். தரையில் பானை ஓடோ நாணயமோ கண்ணில் பட்டால் எடுக்காமல் அங்குள்ள பணியாளரிடம் காட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகும்.