கடைசிக் கட்டத்தில் எதற்கு முதலிடம்?

முதிர்வயதில் இருக்கும் வாசகர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் நான்கை இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். எழுதியவர்களின் விருப்பப்படி பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு 82 வயது. இதயம் மிகவும் பலவீனமடைந்துவிட்டது. இனிப் பெரிய சிகிச்சை எதுவும் பயன்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கர்த்தருக்கென்று ஒன்றும் செய்யாமலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டேனே என்ற துக்கம் என்னை வாட்டுகிறது. மீதி நாட்களில் வேதத்தை ஒருமுறை முழுவதும் வாசித்து முடிக்கவும், உபவாசம் இருக்கவும், சிலருக்காவது சுவிசேஷம் சொல்லவும் விரும்புகிறேன். ஆனால் சற்று நேரம் உட்கார்ந்தாலே மூச்சு வாங்குகிறது. எதற்கு முதலிடம் கொடுப்பது?

பதில்: ஐயா, உங்கள் வாஞ்சை மெய்யானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் நீங்கள் எழுதியுள்ள திட்டத்தைச் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பல ஆண்டுகளாக நிலுவையில் நின்ற கடனைச் சில மாதங்களில் வட்டியோடு அடைத்துவிடத் துடிப்பவரின் பதற்றம் அதில் தெரிகிறது. இரட்சிப்பு கிருபையினாலே என்று வாழ்நாள் முழுவதும் ஆலயத்தில் அறிக்கையிட்ட நாம், உடல் தளர்ந்த இந்தக் கட்டத்தில் மட்டும் கிரியைகளைக் கணக்குக் காட்ட ஓடவேண்டியதில்லை. இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருடியதைத் திருப்பிக்கொடுக்கவோ, ஒருவருக்காவது நன்மை செய்யவோ நேரம் இருக்கவில்லை. "ஆண்டவரே, நீர் உம்முடைய ராஜ்யத்தில் வரும்போது அடியேனை நினைத்தருளும்" என்பது மட்டுமே அவன் கேட்டது. அன்றைக்கே பரதீசு அவனுக்கு வாக்களிக்கப்பட்டது. அவனுடைய அந்த விண்ணப்பத்தை உங்களுடையதாக ஏறெடுப்பதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். அதற்கு மூச்சு அதிகம் தேவைப்படாது.

அடுத்தது ஒப்புரவு. மனம் தெளிவாக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது என்பதால், வேத வாசிப்புக்கும் முன்னதாக இதை வைக்கத் துணிகிறேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மரணத்தை எதிர்நோக்கி எழுதப்பட்ட இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன்" என்ற வசனம் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்குச் சில வரிகள் தள்ளி, மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் கேட்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இதே மாற்குவை உடன் அழைத்துச் செல்ல மறுத்துத்தான் ஒருகாலத்தில் பவுல் பர்னபாவோடு கடுமையாக வாதாடிப் பிரிந்தார் என்று அப்போஸ்தலர் 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. தன்னை விசாரணையில் கைவிட்டவர்களைக் குறித்தும், அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்றே எழுதுகிறார்.

இதற்கு எதிரே, சொல்லத் தயக்கமாக இருந்தாலும், தாவீதின் கடைசி நாட்களை வைத்துப் பார்க்கவேண்டும். 1 இராஜாக்கள் 2-ஆம் அதிகாரத்தில் அவர் சாலொமோனிடம் கர்த்தருடைய வழிகளில் நட என்று அழகாகத் தொடங்குகிறார். ஆனால் தம் படைத்தலைவனாயிருந்த யோவாபையும், ஒருகாலத்தில் தம்மைச் சபித்த சீமேயியையும் சமாதானமாய்ச் சாகவிடாதே என்று முடிக்கிறார். சீமேயியைக் கொல்லமாட்டேன் என்று தாமே கர்த்தர்மேல் ஆணையிட்டிருந்தவர், பழைய கணக்கை மகனுடைய கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். அரச நீதிக்கு அது தேவையாயிருந்தது என்று விளக்குவோர் உண்டு. இருந்தாலும் அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது. அத்தனை சங்கீதங்களைப் பாடிய வாயிலிருந்து மகனுக்கு வந்த கடைசிக் கட்டளை அது. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பகை அவர்களுடைய வாழ்க்கையிலும் தொடரும். ஆகையால் யாரோடாவது பேச்சு நின்றுபோயிருந்தால், சரி யார், தவறு யார் என்று ஆராயாமல், ஒரு தொலைபேசி அழைப்பில் மன்னிப்புக் கேளுங்கள். அவர் ஏற்க மறுத்தால் அது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலுள்ள காரியம்; உங்கள் பங்கு முடிந்தது.

சொத்து விவகாரம் உலகக் காரியம், அதைக் கடைசியில் நினைக்கக்கூடாது என்று சிலர் எண்ணுகிறார்கள். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1519-இல் மரணத்துக்கு ஆயத்தப்படுவதைக் குறித்து எழுதிய பிரசங்கத்தைத் தொடங்குவதே இந்த விஷயத்தில்தான்: பின்னால் உறவினருக்குள் சண்டை வராதபடி உடைமைகளை ஒழுங்குபடுத்து என்கிறார், அதன்பின் எல்லாரையும் மன்னித்து, எல்லாரிடமும் மன்னிப்புக் கேள் என்கிறார், அதற்குப் பிறகே கண்களைத் தேவனிடத்திற்கு மட்டும் திருப்பச் சொல்கிறார். மரணத்துக்கேதுவான வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஏசாயா தீர்க்கதரிசி கொண்டுவந்த செய்தியும் "உமது வீட்டுக் காரியத்தை ஒழுங்குப்படுத்தும்" என்பதே. உயில் எழுதாதிருந்தால் இந்த வாரமே எழுதிவிடுங்கள். அதை ஜெபத்தோடு செய்தால் அதுவும் ஆராதனைதான்.

உபவாசத்தை விட்டுவிடுங்கள், மருந்து உட்கொள்ளும் நோயாளியிடம் ஆண்டவர் அதைக் கேட்கவில்லை. வேதத்தை முழுவதும் முடிக்கவேண்டும் என்ற இலக்கும் வேண்டாம். ஒரு சங்கீதத்தில் பாதி போதும், அதையும் வேறொருவர் வாசிக்க நீங்கள் கேட்டால் போதும். 23, 71, 90, 121 ஆகிய சங்கீதங்களும், யோவான் 14 முதல் 17 வரையுள்ள அதிகாரங்களும் பலவீனமான சரீரத்துக்கு ஏற்ற அளவான ஆகாரம். சுவிசேஷம் சொல்லும் விருப்பத்தை மட்டும் கைவிடவேண்டாம். யாக்கோபின் நீண்ட வாழ்க்கையிலிருந்து எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாசத்துக்குச் சாட்சியாகத் தேர்ந்தெடுத்தது அவர் கனவில் ஏணியைக் கண்ட பெத்தேலையோ, இரவெல்லாம் போராடிய யாபோக்கையோ அல்ல. மரணகாலத்தில் பேரப்பிள்ளைகள் இருவரை ஆசீர்வதித்து, கோலின் முனையில் சாய்ந்து தொழுதுகொண்டதை மட்டுமே. உங்களைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி ஒரு வரி ஆசீர்வதியுங்கள். சுவிசேஷம் அவர்களுக்குப் போய்ச்சேரும்.

கேள்வி: சிறுவயதிலிருந்தே விசுவாசத்தில் வளர்ந்தவள் நான். இப்போது 76 வயதாகிறது. இரவில் மரணத்தை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. பிறரைத் தேற்றிய எனக்கே பயம் வரலாமா? இது அவிசுவாசமா?

பதில்: இல்லை, அம்மா. மரணத்தை நம் வேதம் நண்பன் என்று எங்கும் சொல்லவில்லை. பரிகரிக்கப்படும் கடைசிச் சத்துரு என்றே 1 கொரிந்தியர் 15-ஆம் அதிகாரம் அழைக்கிறது. சத்துருவைக் கண்டு உள்ளம் கலங்குவது இயல்பு. லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். கெத்செமனேயில் தமது ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது என்று சீஷரிடம் சொல்லி, தம்மோடு விழித்திருக்கக் கேட்டார். அவர் கேட்டதையே நீங்களும் கேட்கலாம். இரவில் பக்கத்து அறையில் படுத்திருப்பவரை எழுப்பி, எனக்குப் பயமாயிருக்கிறது, கொஞ்சநேரம் என்னோடு உட்கார் என்று சொல்வதில் வெட்கமில்லை.

பயம் எதைக் குறித்தது என்பதையும் பகல்வேளையில் அமர்ந்து பிரித்துப் பாருங்கள். வலியைக் குறித்த பயமானால் மருத்துவரிடம் மறைக்காமல் பேசுங்கள். வலியைத் தணிக்கும் சிகிச்சையை ஏற்பது விசுவாசக் குறைவு ஆகாது. அறிக்கையிடாத ஒரு பாவம் உறுத்துகிறதென்றால், நம்பிக்கையான போதகர் ஒருவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைக் காதாலே கேளுங்கள். இரண்டும் அல்லாத, பெயரிட முடியாத நடுக்கமானால், மரணத்தை உற்றுப்பார்த்து அதை வெல்ல முயலாதீர்கள். முன்னே சொன்ன பிரசங்கத்தில் லூத்தர் தரும் ஆலோசனை எனக்கு மிகவும் பிடித்தமானது: மரணத்தைச் சிந்திக்கவேண்டியது அது தூரத்தில் இருக்கும் சுகமான நாட்களில், அது நெருங்கும்போது அதை விட்டுக் கண்ணைத் திருப்பி, மரணத்தை ஜெயித்த கிறிஸ்துவையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்.

கேள்வி: படுக்கையிலேயே எல்லாம் நடக்கிறது. மகளுக்குப் பாரமாகிவிட்டேன். சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் என்று ஜெபிப்பது பாவமா?

பதில்: பாவமல்ல. மோசே அப்படி ஜெபித்தார். சூரைச்செடியின்கீழ் எலியாவும் "போதும் கர்த்தாவே" என்று ஜெபித்தார். எலியாவைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, சாப்பிடக் கொடுத்தார். ஜெபியுங்கள், முடிவை மட்டும் அவரிடம் விட்டுவிடுங்கள். நீ முதிர்வயதுள்ளவனாகும்போது உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் பேதுருவிடம் சொல்லி, உடனே "என்னைப் பின்பற்றி வா" என்றார். தன் பாடுகளாலும் மரணத்தாலும் தேவனை மகிமைப்படுத்தப்போகிற சீஷனுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை அது என்றாலும், பிறர் கையில் இருக்கும் நிலையிலும் பின்பற்றுதல் நின்றுபோவதில்லை என்று அதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். மகளின் பணிவிடையை முகம் சுளிக்காமல் ஏற்று, ஒவ்வொரு முறையும் அவளுக்கு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு மறதி நோய். ஜெபிக்கத் தெரியவில்லை, இயேசு யார் என்று கேட்டால் விழிக்கிறார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் ஓய்வுநாள் பள்ளி நடத்தியவர். இந்த நிலையில் இறந்தால் அவருடைய விசுவாசம் என்னவாகும்?

பதில்: மகளே, உங்கள் தாயார் ஆண்டவரை நினைவில் வைத்திருப்பதால் இரட்சிக்கப்படவில்லை, ஆண்டவர் அவரை நினைவில் வைத்திருப்பதால் இரட்சிக்கப்படுகிறார். "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்" என்று ஏசாயா 46-இல் சொன்னவர், மூளையின் நோய் வரும்வரைக்கும் என்று அதற்கு எல்லை வைக்கவில்லை. நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8-ஆம் அதிகார வசனம், இப்போது உங்கள் வீட்டில் எழுத்தின்படியே நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

இயேசு யார் என்று அவரிடம் இனிக் கேட்காதீர்கள். பரீட்சை வைப்பது அவரையும் உங்களையும் வேதனைப்படுத்தும். கேள்வி கேட்பதற்குப் பதிலாக அவர் சிறுவயதில் கற்ற ஞானப்பாட்டுகளை அருகிலிருந்து பாடுங்கள். பெயர்களும் நிகழ்ச்சிகளும் மறைந்த பின்பும் பழகிய பாட்டுகள் நெடுநாள் நினைவில் தங்குவதுண்டு. சிலர் பேச்சு நின்ற பின்பும் உடன் பாடுகிறார்கள். கர்த்தருடைய ஜெபத்தை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் சேர்ந்து சொல்லாவிட்டாலும் நிறுத்தவேண்டாம். திருவிருந்தை வீட்டில் கொடுப்பது குறித்து உங்கள் போதகரிடம் இப்போதே பேசுங்கள்; விழுங்குவது கடினமாகும் காலம் வரக்கூடும் என்பதால் சிறு துண்டு அப்பத்தைத் திராட்சரசத்தில் நனைத்துக் கொடுக்கலாமா என்பதை அவரிடமும் மருத்துவரிடமும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.