சிக்னல் நிறைந்த சாலைக்கு எந்த மோட்டார்?

மின்சார சைக்கிளில் தினமும் போகவர 14 கிலோமீட்டர், வழியெங்கும் சிக்னல், ஒரே ஒரு மேம்பாலம், கையில் 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி பேட்டரி. 250 வாட் கியர் ஹப் (சக்கரத்தின் நடுவில் பல்சக்கரங்களோடு இருக்கும் மோட்டார்) போதுமா, பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும் 1000 வாட் டைரக்ட் டிரைவ் (பல்சக்கரம் இல்லாமல் சக்கரத்தை நேரடியாகச் சுற்றும் மோட்டார்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கியர் ஹப்பையே வாங்குங்கள்.

மோட்டார் மெதுவாகச் சுழன்றபடி பாரம் இழுக்கும்போதுதான் மின்சாரம் அதிகமாக வெப்பமாகிப் போகும். டைரக்ட் டிரைவ் சக்கரத்தின் வேகத்திலேயே சுற்றுவதால் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்பும்போது இந்த இழப்பு உண்டு. கியர் ஹப்பில் உள்ளே இருக்கும் மோட்டார் சக்கரத்தைவிடச் சுமார் 4, 5 மடங்கு வேகமாகச் சுற்றும்; அதனால் இந்த இழப்பு குறைவு. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தாலும், அதன் காந்தங்கள் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்காது.

பிரேக்கில் சார்ஜ் ஏறுவதை நம்பி டைரக்ட் டிரைவை வாங்காதீர்கள். ஆளும் வண்டியுமாக 100 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால், அதிலுள்ள இயக்க ஆற்றலே 0.7 வாட்-மணிக்கும் குறைவு. அதிலும் ஒரு பகுதிதான் திரும்பும். உங்கள் பேட்டரியோ 360 வாட்-மணி! தவிர, 1000 வாட் என்றால் 28 ஆம்பியர் இழுக்கும்; சின்ன பேட்டரிக்கு அது ரொம்ப அதிகம்.

அப்புறம், வாட்டை மட்டும் பார்க்காமல் சுமையில்லாத வேகத்தையும் (சக்கரம் தரையில் படாமல் சுற்றும்போது எட்டும் அதிகபட்ச வேகம்) கேளுங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தைவிட அது கொஞ்சம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று அளந்து அதற்கேற்ப மோட்டாரை உதவ வைக்கும் டார்க் சென்சார் கிடைத்தால் விடாதீர்கள். மேம்பாலம் ரொம்பச் செங்குத்தாக இருந்தால் மட்டும் மிட் டிரைவை (பெடல் பக்கத்தில் இருந்து செயின் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும் மோட்டார்) யோசிக்கலாம், ஆனால் செயின் சீக்கிரம் தேயும்.