வாசகர் கேள்வி – பதில்: பழைய சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி: கம்பி பிரேக் (கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளால் இயங்குவது) வைத்த பழைய சைக்கிளில் தினமும் நகரத்துக்குள் வேலைக்குப் போகிறேன். மழையில் பிரேக் பிடித்தாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் கட்டை மாற்றியும் பலனில்லை.

பதில்: குறை ரிம்மில் இருக்கிறது. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டைக்குப் பிடிமானமே கிடைக்காது. காய்ந்த ரோட்டில் நிற்கிற தூரத்தைப் போலப் பல மடங்கு ஓடித்தான் வண்டி நிற்கும். அதனால் மழையில் சிக்னல் கண்ணில் பட்டதுமே பிரேக்கை லேசாகத் தொட்டு, சக்கரம் நாலைந்து சுற்று சுற்றும்வரை ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடுங்கள். அழுத்திப் பிடிப்பது அதற்குப் பிறகுதான். தோல் பதித்த கட்டை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். இரும்பு ரிம்மில் ஈரத்துக்கு ரப்பரைவிட அதுவே மேல்.

கட்டை மாட்டியிருக்கும் விதத்தையும் பாருங்கள். கட்டையைத் தாங்கும் தகரக் கூட்டில் ஒரு முனை மூடியும் மறுமுனை திறந்தும் இருக்கும். சக்கரம் சுழலும்போது கட்டை மூடிய முனையில் போய் முட்டவேண்டும். திருப்பி மாட்டினால், வேகமாகப் பிடிக்கிற அன்றைக்குக் கட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இதை மட்டும் இன்றே சோதித்துவிடுங்கள். ரிம்முக்கும் கட்டைக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இடைவெளி போதும். அதற்குள் உரசினால் முதலில் சக்கரத்தில் கோட்டம் (ரிம்மின் வளைவு) எடுக்க வேண்டும். கோட்டத்தை விட்டுவிட்டுக் கம்பியைத் தளர்த்துவது ஆபத்து.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: செயினை இறுக்கப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தால், கட்டை ரிம்மில் படுகிற இடமும் மாறிவிடும். செயினில் கை வைத்த பிறகு பின்பிரேக்கைச் சரிபார்க்காமல் கிளம்பாதீர்கள். கம்பி மூட்டுகளுக்கு ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விடலாம், ரிம்மில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

கேள்வி: பெடல் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்கிறது.

பதில்: பெரும்பாலும் காட்டர் பின், அதாவது பெடல் தாங்கும் கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும் ஆப்பு போன்ற ஊசி, தளர்ந்திருக்கும். நட்டை முறுக்கிப் பின்னை உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். நட்டின் மரைதான் போகும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும், நட்டு அதை நழுவாமல் வைத்திருக்க மட்டுமே. அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக்கொடுங்கள். முட்டு இல்லாவிட்டால் அடி முழுவதும் உள்ளே இருக்கிற பேரிங் குண்டுகளிலும் அவை உருளும் கப்பிலும் இறங்கி, அங்கே பள்ளம் விழும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் அடித்தால் பெடல்கள் நேர்கோட்டில் நிற்காது. புதுப் பின் போட்டால் 30, 40 கி.மீ. ஓடியதும் மறுபடி ஓர் அடி, மறுபடி நட்டை இறுக்கல். இதைச் செய்யாமல் விட்டால் பின் நசுங்கிவிடும், அடுத்த முறை கழற்றுவதே பெரும்பாடு.

கேள்வி: என் சைக்கிளில் இருப்பது பின்ஹப்புக்குள் (பின்சக்கரத்தின் நடுப்பகுதிக்குள்) மூன்று கியர் இருக்கிற ஸ்டர்மி ஆர்ச்சர். சில சமயம் கியர் வழுக்கிக் கால் சடாரென்று கீழே போகிறது.

பதில்: கேபிள் அளவு தவறியிருக்கிறது. கியரை 2-இல் வையுங்கள். வலப்பக்க நீள நட்டில் உள்ள துவாரம் வழியாகப் பார்த்தால், கியர் கேபிளின் சிறு செயினோடு சேரும் கம்பியின் தடித்த பாகம் முடியும் இடம் ஆக்சிலின் (சக்கர அச்சின்) முனையோடு சமமாக இருக்க வேண்டும். கேபிள் முனையில் உள்ள திருகால் அப்படிக் கொண்டுவந்தால் போதும். ஹப்புக்குக் கட்டி எண்ணெய் வேண்டாம். உள்ளே இருக்கும் சிறு நாக்குகள் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்தான். சரிசெய்கிறவரை எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

கேள்வி: 28 அங்குல டயர் கேட்டேன். கொடுத்தது ரிம்மில் ஏறவில்லை.

பதில்: அங்குலக் கணக்கு ஏமாற்றும். 28 × 1½ என்ற பழைய அளவுக்கு டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., இப்போது பரவலாக விற்கும் 700 சி டயருக்கு 622. டயரின் பக்கவாட்டில் 40-635 என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.