மூன்று பிள்ளைகள், ஒரு கிளாசிக் கார்: பின்சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

கேள்வி: கீழக்கரையில் வசிக்கிறேன். பதினைந்து வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு இரண்டு. தை மாதம் மூன்றாவது குழந்தையை எதிர்பார்க்கிறோம். உம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். சின்ன வயதிலிருந்தே ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்க ஆசை. வீட்டில் இருக்கும் டவேராவை விற்றுவிட்டு, குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு கிளாசிக் வண்டி வாங்கலாமா? கான்டெஸ்ஸா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். நல்லது என்கிறார்கள். துபாயில் மச்சானிடம் 1980களின் இரண்டு கதவு பி.எம்.டபிள்யூ ஒன்று சும்மா நிற்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் டவேராவை விற்காதீர்கள். குழந்தை பிறந்ததும் நீங்கள் ஆறு பேர். நீங்கள் சொன்ன மூன்று வண்டிகளில் எதிலும் ஐந்து பேருக்கு மேல் இடமில்லை. உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏர்வாடிக்கோ மதுரைக்கோ போகிற நாளில் டவேராதான் கைகொடுக்கும். அது வீட்டில் இருந்தால் கிளாசிக் வண்டியின் மேல் அத்தனை பாரத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு மாதம் ஒர்க் ஷாப்பில் நின்றாலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவும் தடைபடாது. பழைய வண்டி கட்டாயம் ஏதாவது ஒரு மாதம் ஒர்க் ஷாப்பில் நிற்கும்.

மச்சானின் பி.எம்.டபிள்யூவை மறந்துவிடுங்கள். நம் நாட்டு இறக்குமதி விதிப்படி, பயன்படுத்திய கார் மூன்று வயதுக்கு மேல் இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். துபாய் வண்டி இரண்டிலும் அடிபடும். மிகப் பழைய வின்டேஜ் கார்களுக்குத் தனி வழி இருந்தாலும் 1980களின் வண்டி அதில் வராது. அந்த வழியில் வருகிற வண்டியும் உங்களுக்கு உதவாது. 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை வின்டேஜ் என்று பதிந்தால் நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அதை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு என்று எண்ணிச் சொல்லும்படியான காரியங்களுக்குத்தான் அனுமதி. மகளைப் பள்ளியில் விட அந்த வண்டியில் போக முடியாது.

அடுத்து கதவு. இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களில் பின்னால் இரண்டு குட்டி சீட் வைத்து ‘டூ பிளஸ் டூ’ என்று விற்பது பழைய வழக்கம். ஜாகுவார் இ-டைப்பில் அப்படி இரண்டு சீட் நுழைக்க, 1966ல் சக்கரங்களுக்கு நடுவே 9 அங்குலம் நீட்ட வேண்டியிருந்தது. அப்படியும் பெரியவர்கள் அதில் நீண்ட தூரம் உட்கார முடியாது. கைக்குழந்தையை அதற்கான சீட்டில் வைத்து, முன்சீட்டை மடக்கி, குனிந்து உள்ளே நுழைத்துக் கட்டுவதைச் சித்திரை வெயிலில் செய்து பார்த்தால் தெரியும். உங்களுக்கு வேண்டியது ஸ்போர்ட்ஸ் சலூன் வகை: நாலு கதவு, முழு பின்சீட், அதோடு ஓட்டுகிறவருக்குச் சுகமான எஞ்சினும் சஸ்பென்ஷனும். ஆல்ஃபா ரோமியோ 1962லேயே ஜூலியா என்று இப்படி ஒரு வண்டி போட்டது. நாலு கதவு இருப்பதால் உங்கள் ஆசைக்கு ஒரு குறைவும் வந்துவிடாது.

இனி முக்கியமான விஷயம். பழைய கார் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் சத்தத்தில் மயங்கிவிடுகிறார்கள். நம் கடற்கரையில் எஞ்சினைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எஞ்சினை இறக்கி வேலை செய்யலாம், மாற்றவும் செய்யலாம். தகடு போனால் வண்டியே போச்சு. பிள்ளைகளின் பாதுகாப்பும் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது. சீட் பெல்ட்டின் அடிமுனையைத் தரைத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள், மேல்முனையைக் கதவுத் தூணில். பழைய வண்டிகள் பலவற்றில் பின்சீட்டுக்குப் பெல்ட்டே இருக்காது. நாம்தான் போட வேண்டும். துருவேறிய தரையில் எவ்வளவு நல்ல பெல்ட்டை மாட்டினாலும், மோதுகிற நேரத்தில் போல்ட் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம் என்று 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. மீறினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஆனால் நான் அபராதத்துக்காக இதைச் சொல்லவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே என்ன வேகத்தில் வருகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

கடற்காற்று கொண்டுவரும் உப்பு தகட்டில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் தகடு இரவெல்லாம் நனைந்துதான் இருக்கும். கதவுகளுக்குக் கீழே குழாய் மாதிரி ஓடும் பகுதியில் ஈரம் புகுந்தால் காய வழி கிடையாது. அங்கே துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியே பெயின்டில் சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே தகடு ஏற்கெனவே அரித்துவிட்டது என்று பொருள்.

வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, டிக்கியின் ஓரம் என்று வைத்துக்கொண்டே வாருங்கள். காந்தம் பிடிக்காமல் வழுக்குகிற இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள். பிறகு பின்சீட்டின் மெத்தையைத் தூக்கி வெளியே வையுங்கள். அடியில் கிடக்கும் சணல் விரிப்பை உரியுங்கள். தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல தகடு அசையாது. அரித்த தகடு லேசாக உள்வாங்கும், விரல் நுனியில் பழுப்புத் தூள் ஒட்டும், சில சமயம் சருகு போல ஏடு ஏடாக உரிந்து வரும். ஸ்டெப்னி சக்கரத்தை எடுத்துவிட்டு அந்தக் குழியையும், பானட்டைத் தூக்கி ஷாக் அப்ஸார்பர் மேலே முட்டுகிற இடத்தையும் பாருங்கள். சீட்டைத் தூக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

இதனால்தான் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஓடிய வண்டியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் வாங்கச் சொல்வதில்லை. கோயம்புத்தூர், ஓசூர், சேலம் என்று உள்நாட்டில் ஓடிய வண்டியைத் தேடுங்கள். டெல்லி வண்டிகளுக்கும் தகடு நன்றாக இருக்கும். ஆனால் அங்கே பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு, டீசலுக்கு 10 ஆண்டு என்ற கட்டுப்பாடு இருப்பதால், பதிவு உயிரோடு இருக்கிறதா, வண்டியை இங்கே மாற்றத் தேவையான தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) கிடைக்குமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரி, கான்டெஸ்ஸா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984லிருந்து 2002 வரை போட்டது. இங்கிலாந்தின் வாக்ஸால் வண்டியின் உடம்பு அது. ஆரம்பத்தில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினையே அந்தக் கனத்த உடம்பில் வைத்தார்கள், திணறியது. பின்னால் வந்த 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் உள்ள வண்டிதான் வாங்கத் தகுந்தது. நீண்ட மூக்கு, பின்சக்கர இழுவை, சோபா மாதிரி பின்சீட், பெரிய டிக்கி: நம் நாட்டு வண்டிகளில் இதற்கு இருக்கிற கம்பீரம் வேறெதற்கும் கிடையாது. பாம்பன் பாலத்தில் இது மெதுவாக ஏறி வந்தால் நானும் நின்று பார்ப்பேன். ஆனால் துரு இதற்குப் பழைய நோய். பலர் வேறு டீசல் எஞ்சினை மாற்றி வைத்து ஓட்டினார்கள். பானட்டுக்கு அடியில் இருக்கும் எஞ்சின் நம்பரும் ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று நீங்களே படித்துப் பாருங்கள். ஏ.சி. பழைய ஆர்-12 வாயுவில் ஓடியதாக இருந்தால் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். பின்சீட்டுக்கு இடுப்போடு தோளையும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் போட, தரையிலும் தூணிலும் உறுதித் தகடு வெல்டிங் செய்யத் தெரிந்தவர் வேண்டும். கைக்குழந்தையின் சீட் சரியாக உட்காராமல் இதில் குழந்தையை ஏற்ற வேண்டாம்.

ஆக்டேவியா ஆர்.எஸ். வேறு ரகம். 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத் திறன். டிக்கி 528 லிட்டர், தள்ளுவண்டி, பால்புட்டிப் பை, கடற்கரைச் சாமான் எல்லாம் போகும். துத்தநாகம் பூசிய தகடு என்பதால் நம் காற்றைக் கொஞ்சம் தாங்கும். அடிபட்டு டிங்கரிங் பார்த்த இடத்தில் அந்தப் பூச்சு போயிருக்கும், அங்கே மட்டும் கவனமாகக் காந்தம் வையுங்கள். இதன் குறை, பின்சீட்டில் கால் நீட்ட இடம் கம்மி. கைக்குழந்தையின் சீட்டைப் பின்னோக்கி வைத்தால் முன்சீட்டை நன்றாக முன்னால் தள்ள வேண்டிவரும். உங்கள் மனைவி முன்னால் உட்கார்ந்து, முழங்கால் இடிக்கிறதா என்று பார்க்காமல் விலை பேசாதீர்கள். எஞ்சினில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வேலையாக அதை மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வு வளைந்து எஞ்சினே செலவாகிவிடும்.

நீங்கள் கேட்காத இரண்டு வண்டிகளையும் சொல்லிவிடுகிறேன். மிட்சுபிஷியின் பழைய லேன்சர் 1998ல் திருவள்ளூரில் போட ஆரம்பித்த வண்டி. ஓட்ட இதைவிடச் சுகமானது அந்தக் காலத்தில் குறைவு, உதிரிபாகம் தேடத்தான் அலைய வேண்டும். ஃபோர்டு ஐகான் 1.6 கைக்கு அடக்கமான செலவில் நல்ல குஷி தரும், ஆனால் உங்கள் மனதில் இருக்கும் கிளாசிக் அது இல்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் நிலையில் இருந்தால் நான் ஆக்டேவியாவை எடுப்பேன். மூன்று பிள்ளைகளையும் ஒரே வரிசையில் ஏற்றுவது அதிலும் எளிதில்லை. குழந்தை சீட் இரண்டை ஓரங்களில் வைத்தால் நடுவில் மகளுக்கு இடம் போதுமா, நடு இருக்கையில் தோளுக்குக் குறுக்கே வரும் பெல்ட் இருக்கிறதா என்பதை, சீட்டுகளைக் கையோடு கொண்டுபோய் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் இரண்டு பிள்ளைகளோடு ஆக்டேவியா, எல்லோரும் போக டவேரா. முன்சீட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டியில், பின்னோக்கிய குழந்தை சீட்டை ஒருபோதும் முன்னால் வைக்காதீர்கள்.

வண்டி வந்த பிறகு தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நம் ஊரில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் வண்டி கழுவுவது கடல் தண்ணீரை வாரி இறைப்பதற்குச் சமம். குடிக்கிற தண்ணீரில் இரண்டு வாளி எடுத்து, துணி நனைத்துத் துடைத்தாலே போதும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும். தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்று சாயங்காலமே வண்டியின் அடியை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளில் மணல் அடைத்திருக்கும், ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். தார்ப்பாயைப் போட்டு இறுக மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காற்று ஓடும் ஓட்டுக் கொட்டகை அதைவிட நல்லது. வாடைக்காற்று தொடங்கும் முன், ஐப்பசிக்குள், உள்குழாய்களில் துருத்தடுப்பு மெழுகு அடித்துவிடுங்கள். ஏற்கெனவே துரு இருக்கும் இடத்தின் மேல் கறுப்புக் கோட்டிங் அடிக்கச் சொல்லும் கடைக்குப் போகாதீர்கள். அது துருவை மூடி வளர்க்கும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும், எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால் வாரம் ஒரு முறையாவது வண்டியை ஓட்டி டேங்கில் உள்ள பெட்ரோலைத் தீர்த்து வாருங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எத்தனை மாதம் பாக்கி என்று பார்த்து விலையைக் குறையுங்கள். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கான கட்டணத்தைப் பத்தாயிரம் ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள், பசுமை வரி அதற்குமேல் தனி.

கான்டெஸ்ஸாவைத்தான் மனம் கேட்கிறது என்றால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். எந்த வண்டியானாலும் பின்சீட் மெத்தையைத் தூக்கிவிட்டு, அடித் தகட்டை நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு, என்ன விலை வரை போகலாம் என்று சொல்கிறேன்.