உங்கள் அண்ணன் மகள் சொன்னதுதான் சரி

கேள்வி: எனக்கு 54 வயது. பள்ளிக்கூட நாட்களில் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கிய அமெரிக்க பேட்மேன் இதழ்களை இன்றும் உறை போட்டுப் பாதுகாத்து வருகிறேன். டென்னி ஓ'நீல் எழுதி நீல் ஆடம்ஸ் வரைந்த 1970-களின் பேட்மேன்தான் எனக்கு பேட்மேன். என் அண்ணன் மகளுக்குச் சின்ன வயதிலேயே காமிக்ஸைக் காட்டியதும் நான்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். 'அப்சல்யூட் பேட்மேன்' என்று புதிதாக வந்திருக்கும் தொடரைக் கொண்டாடுகிறாள். அதில் பேட்மேனாக மாறும் புரூஸ் வேய்ன் பணக்காரன் இல்லை. மாளிகை கிடையாது. அம்மா உயிரோடு இருக்கிறார். போன மாதம் எங்கள் காமிக்ஸ் நண்பர்கள் ஆறு பேர் கூடியபோது அவளும் வந்தாள். வாக்குவாதம் முற்றி, 'பேட்மேனை உருவாக்கியது யார் என்று முதலில் சொல், அப்புறம் பேசு' என்றேன். 'பாப் கேன், பில் ஃபிங்கர்' என்றாள். 'ஃபிங்கர் பெயர் எந்த இதழில் இருக்கிறது, காட்டு' என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போனவள் இன்றுவரை என்னோடு பேசவில்லை. ரீபூட், அதாவது கதையைப் புதிதாக மாற்றித் தொடங்குவது, என்ற பெயரில் ஒரு ஹீரோவைச் சிதைப்பதை எதிர்ப்பது தவறா? அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?
- ஒரு சித்தப்பா, மதுரை

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

ரீபூட்டுக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கேள்வியை முடித்துவிடுவோம். உங்கள் அண்ணன் மகள் சொன்ன விடை சரி. நீங்கள் உறை போட்டு வைத்திருக்கும் இதழ்களில் ஃபிங்கரின் பெயர் படைப்பாளி என்ற இடத்தில் இருக்காதுதான். பாப் கேன் பதிப்பகத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, பல பத்தாண்டுகள் அவர் பெயரை மட்டுமே அச்சிட்டார்கள். 2015-இல்தான் பேட்மேனை வெளியிடும் டிசி நிறுவனம் பில் ஃபிங்கரின் பெயரையும் சேர்த்துப் போட ஒத்துக்கொண்டது. அப்போது ஃபிங்கர் இறந்து 41 வருடம் ஆகியிருந்தது. இன்றைய பேட்மேன் இதழ் எதைத் திறந்தாலும் கேன் பெயரோடு அவர் பெயரும் இருக்கும். உங்கள் அண்ணன் மகள் புதிய இதழ்களைப் படிக்கிறவள், அதனால் அது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஃபிங்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் சண்டைக்கான விடை அவரிடம்தான் இருக்கிறது. 1938-இல் சூப்பர்மேன் வந்து சக்கைப்போடு போட்டதும், அதே மாதிரி இன்னொரு ஹீரோ வேண்டும் என்று பதிப்பகம் கேட்டது. கேன் ஓர் ஓவியத்தோடு வந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பாக நிற்கும் இரண்டு இறக்கைகள். அதைப் பார்த்த ஃபிங்கர் ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னார். இறக்கையை எடுத்துவிட்டு மேலங்கி போடலாம், தலையை மூடி வௌவால் காது வைக்கலாம், சிவப்புக்குப் பதில் சாம்பல் நிறம் அடிக்கலாம் என்றார். புரூஸ் வேய்ன் என்ற பெயர் அவர் யோசித்தது. பேட்மேன் வாழும் ஊருக்குக் கோதம் நகரம் என்ற பெயரும் அவருடையதுதான். ஆக, நாம் பேட்மேன் என்று நினைத்த மாத்திரத்தில் கண்முன் வருகிற உருவம், முதல் இதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பே ஒருவர் திருத்தி எழுதியது.

அச்சான பிறகும் அவன் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில், 1939 மே மாதம், பேட்மேன் அறிமுகமானபோது அவனுக்கு அம்மா அப்பா கதையே கிடையாது. பெற்றோர் சுட்டுக் கொல்லப்பட்டதும், சின்னப் பையன் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மண்டியிட்டுச் சபதம் எடுப்பதும் ஆறு மாதம் கழித்து 33-ஆம் இதழில் வருகின்றன. அதுவும் இரண்டே பக்கம்தான். முதல் கதையில் அவன் விட்ட குத்தில் வில்லன் அமிலத் தொட்டியில் விழுந்து சாகிறான். பேட்மேன் அதற்காகக் கொஞ்சமும் வருந்துவதில்லை. 1940-இல் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் குழு தலையிட்டு, இனி துப்பாக்கி கூடாது, கொலை கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. 'பேட்மேன் கொல்ல மாட்டான்' என்பது எனக்கும் உயிரான விதி. ஆனால் அது பிறவியிலேயே வந்ததல்ல. ஒரு வருடம் கழித்து இன்னொருவர் சேர்த்தது.

இனி உங்கள் டென்னி ஓ'நீலுக்கு வருகிறேன். பேட்மேன் வந்த அதே 1939-இல் பிறந்தவர் அவர். 1966-இல் வந்த தொலைக்காட்சித் தொடரால் பேட்மேன் கேலிப்பொருளாகிப் போயிருந்த நேரம். ஓ'நீலும் ஆடம்ஸும் 1970 ஜனவரி இதழிலிருந்து அவனை மறுபடி இருட்டுக்குள் கொண்டுபோனார்கள். மெலிந்த, விறுவிறுப்பான, தனியாக அலைகிற துப்பறிவாளன். நீங்கள் ஏன் அந்த இதழ்களை விட மாட்டேன் என்கிறீர்கள் என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆடம்ஸ் வரைந்த மேலங்கி காற்றில் விரியும் பக்கங்களை நானும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் தொலைக்காட்சி பேட்மேனைப் பார்த்து ரசித்த ஒரு பத்து வயதுப் பையனுக்கு 1970-இல் என்ன தோன்றியிருக்கும்? 'இது என் பேட்மேன் இல்லை' என்றுதானே!

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் பெட்டியைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்த 1970-களின் பேட்மேன் வேய்ன் மாளிகையில் குடியிருக்கவில்லை. 1969 டிசம்பர் இதழில் அவனுடைய இளம் துணைவன் ராபின் கல்லூரிக்குக் கிளம்பிப் போனதும், புரூஸ் மாளிகையைப் பூட்டிவிட்டு வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட்டோடு நகரத்தின் நடுவே ஓர் உயரமான கட்டடத்தின் மேல்மாடிக்குக் குடிவந்துவிட்டான். அங்கேயும் பணக்காரன்தான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் உயிராய் நேசிக்கும் பேட்மேனே மாளிகை இல்லாமல் பல வருடம் இருந்தவன்.

சரி, அப்படியானால் எந்த மாற்றத்தையும் எதிர்க்கக் கூடாதா? எதிர்க்கலாம். தாராளமாக எதிர்க்கலாம். அதற்கும் ஓ'நீலிடமே உதாரணம் இருக்கிறது. பேட்மேனைத் தூக்கி நிறுத்துவதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 1968-இல், அவர் எழுதிய இன்னொரு ரீபூட் வொண்டர் வுமன். அவளுடைய சக்திகளைப் பறித்து, உடையை மாற்றி, துணிக்கடை நடத்தும் சாதாரணப் பெண்ணாக்கி, சண்டை கற்றுத்தர ஒரு ஆண் குருவையும் கொண்டுவந்தார்கள். காலத்துக்கு ஏற்ற பெண்ணாக அவளைக் காட்டுகிறோம் என்பது அவர்கள் எண்ணம். படித்த பெண்களுக்கு அது வேறு மாதிரி பட்டது. இருந்த ஒரே பெரிய பெண் ஹீரோவின் பலத்தையும் பிடுங்கிவிட்டார்களே என்று கோபப்பட்டார்கள். பெண்ணுரிமைப் போராளி குளோரியா ஸ்டைனமின் 'மிஸ்' பத்திரிகை 1972-இல் தன் அட்டையில் பழைய உடையோடு, பழைய கம்பீரத்தோடு வொண்டர் வுமனை நிறுத்தியது. 1973-இல் சக்திகள் திரும்பி வந்தன. அந்த மாற்றம் தவறு என்று ஓ'நீலே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரே எழுத்தாளர். இடைவெளியும் அதிகமில்லை. ஒன்றைக் கொண்டாடுகிறோம், இன்னொன்றை எதிர்த்தது நியாயம் என்கிறோம். அதனால் பழையதா புதியதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்த மாற்றம் யாரிடமிருந்து எதை எடுத்தது, பதிலுக்கு என்ன கொடுத்தது என்று நான் கேட்கிறேன்.

எனக்கே வலித்த ஒரு மாற்றம் உண்டு. 1988-இல் ஒரு கதையில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர், பேட்கேர்ள் என்ற ஹீரோவாக இருந்த பார்பரா கார்டனைச் சுடுகிறான். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோகிறது. அந்தக் கதையோடு அவளை எல்லோரும் மறந்திருப்பார்கள். கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளர் தம்பதி மறக்கவிடவில்லை. மறு வருடமே அவளைச் சக்கர நாற்காலியில் 'ஆரக்கிள்' என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். கணினி முன் உட்கார்ந்தபடி மற்ற ஹீரோக்களுக்கெல்லாம் வழிகாட்டுகிற மூளை அவள். போலியோ பாதித்த என் தோழி ஒருத்தி தன் மேஜையில் வைத்திருந்த ஒரே காமிக்ஸ் படம் ஆரக்கிளுடையது. 2011 செப்டம்பரில் டிசி தன் கதைகள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு 52 புதிய தொடர்களாக முதலிலிருந்து ஆரம்பித்தது. பார்பரா மறுபடி நடந்தாள், கூரைக்குக் கூரை தாவினாள், பேட்கேர்ள் ஆனாள். பேட்கேர்ள் ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். என் தோழி அந்தப் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். பேட்கேர்ளாக வேறு எவளும் வந்திருக்கலாம், ஆரக்கிளுக்கு மாற்று இல்லை. அவள் கோபத்தை வெறும் பழமைப் பிடிவாதம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இந்த அளவுகோலை உங்கள் வழக்குக்குப் பொருத்திப் பாருங்கள். 'அப்சல்யூட் பேட்மேன்' 2024 அக்டோபரில் தொடங்கியது. ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் ட்ரகோட்டா வரைகிறார். அது வேறொரு உலகத்தில் நடக்கும் கதை. மாளிகையும் பணமும் உள்ள பேட்மேனின் இதழ்கள் நிற்கவில்லை, அவை பாட்டுக்குத் தனியாக வந்துகொண்டிருக்கின்றன. 2011-இல் நடந்ததுபோல எதையும் அழித்துவிட்டு இதை வைக்கவில்லை. உங்கள் பெட்டியிலிருந்து ஒரு பக்கம்கூடப் போகவில்லை.

பதிலுக்கு என்ன கிடைத்தது என்றால், நான் நிறைய என்பேன். இந்த புரூஸின் அப்பா பள்ளி ஆசிரியர். பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன இடத்தில் சுட்டுக் கொல்லப்படுகிறார். மகன் வளர்ந்து நகரத்தின் பொறியாளன் ஆகிறான். தன் ஊரின் பாலமும் சாக்கடையும் எங்கே எப்படி ஓடுகின்றன என்பது அவனுக்கு அத்துப்படி. மாளிகை இல்லாத குறையை அந்த அறிவு ஈடுகட்டுகிறது. நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரி. பின்னால் வில்லன்களாக நாம் அறிந்தவர்கள் பலர் இங்கே அவனோடு தெருவில் விளையாடி வளர்ந்த நண்பர்கள். பணம் இந்தக் கதையில் ஜோக்கரிடம் இருக்கிறது. உங்களுக்கு உறுத்துகிற அம்மா விஷயத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். இரவெல்லாம் அடிபட்டு வரும் மகன், காலையில் அம்மாவிடம் உண்மையை மறைக்க வேண்டியிருக்கிறது. அனாதையான பழைய புரூஸுக்கு அந்தப் பயம் தெரியாது. 1939-இன் அந்த இரண்டு பக்கத்தில் இருந்த கரு, துப்பாக்கிக்கு அப்பாவைப் பறிகொடுத்த சிறுவன், இங்கே அப்படியே இருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டும் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் படிக்கவில்லை, கேள்விப்பட்டதை வைத்துத்தான் பேசுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் நண்பர்கள் சிரித்ததைப் பற்றியும் பேச வேண்டும். ஜேசன் டாட் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது ராபின். முதலில் சர்க்கஸ்காரப் பையனாக இருந்தவனை 1987-இல் மாற்றி, பேட்மேனின் காரிலேயே டயர் திருடிய தெருப்பையனாக்கினார்கள். புதிய ஜேசனை நிறைய ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1988-இல் அவன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று தொலைபேசியில் வாக்களிக்கச் சொன்னார்கள். சாகட்டும் என்றவர்கள் 5,343 பேர், பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271 பேர். 72 வாக்கில் ஒரு சிறுவன் செத்தான். அப்போது ஆசிரியர் நாற்காலியில் இருந்தவரும் நம் ஓ'நீல்தான். தோற்ற 5,271 பேரைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாருக்கும் பிடிக்காத அந்தப் பையனைப் பிடித்துப்போன பிள்ளைகளும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆறு பேர் சிரிப்புக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்த உங்கள் அண்ணன் மகள் அந்தப் பக்கத்து ஆள்.

இனி செய்ய வேண்டியது. வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள், நேரில் போங்கள். அண்ணன் வீடுதானே. 'ஃபிங்கர் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரிம்மா, நான்தான் தப்பு. எல்லோர் முன்னாலும் உன்னைக் கேள்வி கேட்டு மடக்கப் பார்த்ததும் தப்பு' என்று சொல்லுங்கள். 'ஆனாலும்' என்று ஒரு சொல்கூட அதன் பின்னால் வர வேண்டாம். ரீபூட் பேச்சை அன்றைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். அவள் உடனே சிரித்துப் பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். காமிக்ஸை அவளுக்குக் கொடுத்த கையே அவளைத் தேர்வுக்கு நிறுத்தியது. அது ஆற நாளாகும்.

கிளம்பும்போது அந்தத் தொடரின் முதல் தொகுப்பை இரவல் கேளுங்கள். முழுதாகப் படியுங்கள். பிறகு பேசும்போது 'இது பேட்மேனே இல்லை' என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிட்டு, உங்களுக்கு எது குறைகிறது என்று சொல்லுங்கள். அந்தத் தனிமை இல்லை, ஆடம்ஸின் மெல்லிய கோடு இல்லை, துப்பறிதல் குறைவு, எதுவானாலும் சரி. அதற்கு அவளால் பதில் சொல்ல முடியும்.

அடுத்த கூட்டத்தில், அவள் வந்தாலும் வராவிட்டாலும், அதே ஆறு பேர் முன்னால் ஃபிங்கர் கதையைச் சொல்லுங்கள். விடை சரி என்பதையும், சொன்னது யார் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அன்றைக்கு அவளுடைய புதிய இதழ் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள், அந்தப் பெயர் அச்சாகியிருக்கும் இடத்தை அவர்களுக்குக் காட்டுவதற்கு.